'எல்லாம் மனசுதான்' என்ற பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், பல ஆண்டுகளாக வயிற்று வலியாலும் மாறி மாறி வரும் மலச்சிக்கல், வயிற்றுப்போக்காலும் அவதிப்படும் வாசகி ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு அளிக்கப்பட்ட பதிலையும் படித்தேன். பரிசோதனைகளில் எதுவும் தென்படவில்லை என்றும், ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி தமக்கு இருப்பதாக மருத்துவர் கூறினார் என்றும், தம் தாயாருக்கும் இதே தொல்லை இருந்ததால் இது பரம்பரையாக வருவதா என்றும் அவர் கேட்டிருந்தார். "இது பரம்பரை நோய் அன்று, மன அழுத்தத்தால் வருவது, கவலையை விட்டால் தானே சரியாகிவிடும்" என்பது பதிலின் சாரம். 22 ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்ந்துவருபவள் நான். அந்தப் பதிலின் மூன்று பகுதிகளில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை என்பதையும், அந்த வாசகியைப் போன்றவர்களுக்கு அது என்ன தீங்கு செய்யும் என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். குடல் தொல்லைகளை வகைப்படுத்தப் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் நான்காம் வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்து, மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருத்தல், மலம் கழிக்கும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் சேர்ந்திருந்தால், தொல்லை தொடங்கி ஆறு மாதமும் ஆகியிருந்தால், அது ஐ.பி.எஸ். எனக் கொள்ளப்படுகிறது. உலகெங்கும் நூற்றுக்கு நான்கு பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி. 'எரிச்சல்' என்ற தமிழாக்கம் பலரைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெஞ்செரிச்சல் போல வயிறு எரியும் நோய் என்று எண்ணிக்கொண்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்களை நான் அறிவேன். சிறு தூண்டுதலுக்கும் பெரிதாகச் சிலிர்த்துக்கொள்ளும் குடல் என்பதே அந்தப் பெயரின் பொருள். 1973இலேயே, பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றால் விரிக்கும் சோதனையில், மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே இந்நோயாளிகளில் பலருக்கு வலி தோன்றுவது பதிவு செய்யப்பட்டது. ஆகவே குடலின் உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி புண்ணையோ கட்டியையோ காட்டவில்லை என்பதற்காக, வலி இல்லை என்றாகிவிடாது. வலியை உணரும் நரம்புகளின் கூர்மையை அந்தக் கருவியால் பார்க்க முடியாது.

இனி அந்த வாசகியின் கேள்விக்கு வருகிறேன். 2021 நவம்பரில் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் இந்நோயின் மரபணுக்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைல்ஸ் பார்க்ஸ் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய அதில், ஐ.பி.எஸ். உள்ள 53,400 பேரின் மரபுத் தகவல்களும் இல்லாத 4,33,201 பேரின் தகவல்களும் ஒப்பிடப்பட்டன. பிறகு வேறொரு பெரிய தொகுப்பில், நோயுள்ளவர்கள் மட்டுமே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த தொகுப்பில், முடிவுகள் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. நோய்க்கு ஆளாகும் வாய்ப்பைச் சற்றே கூட்டும் ஆறு இடங்கள் மரபணுத் தொகுதியில் அடையாளம் காணப்பட்டன. அவை குடலின் செரிமானச் சுரப்புகளோடு தொடர்புடையவையாக இருக்கும் என்றுதான் என்னைப் போன்றவர்கள் எதிர்பார்த்திருப்போம். ஆனால் என்.சி.ஏ.எம்.1, சி.ஏ.டி.எம்.2, பி.எச்.எஃப்.2, டாக்9 ஆகிய மரபணுக்களை ஒட்டிய நான்கு இடங்கள், பதற்ற நோய்களோடும் மனநிலைக் கோளாறுகளோடும் ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டவை, அல்லது நரம்பு மண்டலத்தில் செயல்படுபவை, அல்லது இரண்டுமானவை. மரபணுத் தொகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும், ஐ.பி.எஸ்.ஸுக்கும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் இடையே வலுவான மரபு ஒற்றுமை தெரிந்தது.

இந்தச் செய்தியை மேலோட்டமாகப் படிப்பவர், "பார்த்தீர்களா, இது மனநோய்தான் என்று அறிவியலே சொல்லிவிட்டது" என்று முடிவு கட்டக்கூடும். ஆய்வாளர்கள் கண்டது அது அன்று. பதற்றம் வந்து அதனால் குடல் கெட்டது என்றோ, குடல் கெட்டு அதனால் பதற்றம் வந்தது என்றோ மட்டும் கொண்டால் இந்த மரபு ஒற்றுமையை விளக்க முடியவில்லை. இரண்டுக்கும் அடியில் பொதுவான உயிரியல் பாதைகள் இருக்கின்றன என்பதையே அவர்களின் கூடுதல் பகுப்பாய்வுகள் சுட்டின. ஒரே அடிவேரிலிருந்து இரண்டு கன்றுகள் முளைத்திருக்கும்போது, ஒரு கன்றைக் காட்டி மற்றதைப் பெற்றது இதுதான் என்று சொல்வது பொருந்துமா?

அந்த அடிவேர் எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. கரு உருவான நான்காவது வாரத்தில், பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாயின் ஓரத்திலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து குடலை நோக்கி நகரத் தொடங்குகின்றன. சில வாரங்களில் அவை குடலின் நீளம் முழுவதும் பரவி, அங்கேயே ஒரு தனி நரம்பு வலையைப் பின்னிவிடுகின்றன. பிறந்து வளர்ந்த மனிதரின் குடல் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. மனநிலையோடு நாம் தொடர்புபடுத்திப் பேசும் செரோட்டோனின் என்ற பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகசு நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூளையிலிருந்து குடலுக்கு ஆணை கொண்டுவருபவை குறைவு. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைவதில் பங்குள்ள புரதங்களை உருவாக்கும் மரபணுக்களே மேலே சொன்ன பட்டியலில் முன்னே நிற்கின்றன. தலையில் உள்ள நரம்புகளுக்கும் வயிற்றில் உள்ள நரம்புகளுக்கும் பொதுவான ஒரு கட்டுமான வேலையில் சிறு மாறுபாடு இருந்தால், அது ஒருவருக்கு வயிற்றிலும், இன்னொருவருக்கு மனத்திலும், வேறொருவருக்கு இரண்டிலும் வெளிப்படலாம் என்பது எளிதில் புரிந்துகொள்ளக் கூடியதே. அச்சத்தை 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்றும், கலக்கத்தை 'அடிவயிற்றைப் பிசைகிறது' என்றும் நம் மொழி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

என் குடும்பத்தில் நான் கண்டதையும் சொல்கிறேன். என் தாயாருக்கு இந்த வயிற்றுத் தொல்லை வாழ்நாள் முழுவதும் இருந்தது. எங்கே புறப்பட்டாலும், போகும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வார். அவரைப் 'பதற்றக்காரி' என்றே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வயிற்று வலி இருக்கிறது. பதற்ற நோய் இல்லை என்று மனநல மருத்துவரே உறுதி செய்திருக்கிறார். என் தம்பிக்கோ வயிறு கல்லையும் செரிக்கும். ஆனால் முப்பது வயதிலிருந்து கடுமையான பதற்றத்துக்குச் சிகிச்சை பெற்றுவருகிறான். ஒரு குடும்பத்தின் கதை எதையும் நிறுவிவிடாது என்பதை நான் அறிவேன். ஆயினும், மேற்சொன்ன ஆய்வைப் படித்தபோது, எங்கள் மூவரையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்க முதன்முறையாக முடிந்தது. தாயார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் மீது சுமத்தப்பட்ட அந்தப் பட்டப்பெயருக்காக அழுதேன்.

'பரம்பரை' என்ற சொல்லையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே ஆய்வில், எல்லோரிடமும் பரவலாகக் காணப்படும் மரபு மாறுபாடுகள் நோய்க்கு ஆளாகும் தன்மையில் விளக்கக்கூடிய பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான் என்று கணக்கிடப்பட்டது. 2001இல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்றில், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 17 விழுக்காடு. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடம் அது 8 விழுக்காடு. மரபுக்குப் பங்கு உண்டு என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. அதே வேளையில், முழு மரபும் ஒன்றாக இருந்தும் பெரும்பாலானோருக்கு நோய் வரவில்லை என்பதையும் காட்டுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ நோய் இருப்பது, இரட்டையருக்கு இருப்பதைவிட வலுவான குறியாக இருந்தது என்பதும் அந்த ஆய்விலேயே தெரியவந்தது. வலியை எப்படி உணர்வது, எப்படி அஞ்சுவது என்பதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்தும் கற்கிறார்கள் போலும். எனவே அந்த வாசகி, தம் பிள்ளைகளுக்கும் இது வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரிய மரபணு ஆய்வுகளில் இதுவரை பங்கேற்றவர்கள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிற மக்களிடமும் இத்தகைய ஆய்வுகள் நடந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, 'மன அழுத்தத்தால் வருவது' என்ற பகுதி. நம் இதழ்களில் மன அழுத்தம், மனச்சோர்வு, பதற்றம் ஆகிய மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குவதால், எதைச் சொல்கிறார்கள் என்பதே பல நேரங்களில் புரிவதில்லை. மருத்துவப் பகுதியிலாவது இவற்றை வேறுபடுத்தி எழுதும்படி வேண்டுகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பகுப்பாய்வில், ஐ.பி.எஸ். உள்ளவர்களில் 39 விழுக்காட்டினரிடம் பதற்ற அறிகுறிகளும் 29 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் காணப்பட்டன. இவை மற்றவர்களைவிட மிகவும் கூடுதலான அளவுகள், அலட்சியப்படுத்தக் கூடாதவை. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் பதற்றம் இல்லையே, அவர்களின் வலி எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தொடக்கத்தில் பதற்றம் மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னர் இத்தகைய குடல் தொல்லைகள் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. தொடக்கத்தில் குடல் தொல்லை மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னர் பதற்றமும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. பாதை இரு திசையிலும் திறந்திருக்கிறது.

தொற்றின் பங்கை அந்தப் பதில் தொடவே இல்லை. கடுமையான குடல் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி நீங்கிய பிறகும் ஐ.பி.எஸ். தங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். அந்த மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, பின்னர் ஐ.பி.எஸ். வந்தவர்களிடம் கிருமியை அடையாளம் காணும் பணியிலும் குடல் சுவரின் தடுப்பை இறுக்கமாக வைத்திருக்கும் பணியிலும் தொடர்புள்ள மரபணுக்களின் மாறுபாடுகள் தென்பட்டன. வேறொரு சிறு கூட்டத்தினரிடம், நூற்றுக்கு இரண்டு பேர் அளவில், குடல் தசையின் உயிரணுக்களுக்குள் சோடியத்தை விடும் வாயிலை அமைக்கும் மரபணுவிலேயே பிழை இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. ஐ.பி.எஸ். என்ற ஒரே பெயரின் கீழ் பல வழிகளில் வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறோம். எல்லோரையும் பார்த்துக் 'கவலையை விடுங்கள்' என்றால், யாருக்கும் பதில் சொன்னதாகாது.

இத்தகைய பதிலின் தீங்கை நான் என் உடம்பில் அனுபவித்திருக்கிறேன். நோய் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் நான் பார்த்த மருத்துவர் ஒருவர், "உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டு, வேறெந்த விளக்கமும் இல்லாமல் அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து என்று வீட்டுக்கு வந்து தெரிந்துகொண்டதும், என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரே என்ற அவமானத்தில் ஒரு மாத்திரைகூட விழுங்காமல் தூக்கி எறிந்தேன். அடுத்த ஒன்பது ஆண்டுகள் வலியோடு கழிந்தன. அதே மருந்தை, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி அதிகபட்சம் 30 மில்லிகிராம் வரை கொடுத்து இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது வயிற்றுத் தொல்லையைத் தெளிவாகக் குறைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் அளவில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அந்த அளவில், மருந்து குடலுக்கும் மூளைக்கும் இடையிலான வலி நரம்புகளில் வேலை செய்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். குறைந்த அளவில் இது வலி நரம்புகளுக்கான மருந்து என்று அந்த மருத்துவர் அன்றே சொல்லியிருந்தால் என் ஒன்பது ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும். பிறகு வேறொரு மருத்துவர் விளக்கிச் சொல்லிக் கொடுத்தபோது அதே மாத்திரையை எடுத்துக்கொண்டேன். வலி முழுவதும் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது.

மனவழிச் சிகிச்சைகளையும் இவ்வாறே விளக்கிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மற்றச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் ஓராண்டுக்கு மேல் தொல்லை நீடித்த 558 பேரிடம், தொலைபேசி வழியாகவும் இணையம் வழியாகவும் அளிக்கப்பட்ட, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தந்தது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. குடலை மையமாகக் கொண்ட அறிதுயில் (ஹிப்னாஸிஸ்) சிகிச்சை கடுமையான நோயாளிகளுக்கு உதவுகிறது என்பதை மான்செஸ்டரைச் சேர்ந்த பீட்டர் வோர்வெல் 1984லேயே காட்டினார். நோய் மனத்தில் மட்டும் இருப்பதால்தான் இவை பலிக்கின்றன என்று கருத வேண்டியதில்லை. குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பேச்சை எந்த முனையிலிருந்தும் தணிக்க முடியும். உணவு மாற்றம், கரையும் நார்ச்சத்து, தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து ஆகியவை குடல் முனையிலிருந்து தணிக்கின்றன, மனவழிச் சிகிச்சைகள் மூளை முனையிலிருந்து தணிக்கின்றன. 'மனநல மருத்துவரிடமா, நானா?' என்று அஞ்சி விலகும் நோயாளிகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். அதே அளவு முக்கியமானது, வயிற்றுக்காக வந்தவரிடம் தூக்கம், மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை பற்றி மருத்துவர் கனிவோடு கேட்பது. நோய்களின் வேர் ஒன்றாக இருக்கக்கூடும் என்று மரபணுக்களே சொல்லும்போது, ஒன்றுக்காக வந்தவரிடம் மற்றதைக் கேட்காமல் விடுவது குறையுள்ள மருத்துவம்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தத்தைக் குடல் நோய் மருத்துவர் ஒருவரையும் மனநல மருத்துவர் ஒருவரையும் சேர்ந்து எழுதச் செய்து வெளியிடுங்கள். அதில், மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடல் எடை குறைதல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவை இருந்தால் இதை ஐ.பி.எஸ். என்று எண்ணிக் காத்திராமல் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இடம்பெறட்டும். அந்தப் பதிலில் அது இல்லாதது பெரிய குறை.

அந்த வாசகிக்கு ஒரு சொல். அம்மா, உங்கள் தாயாருக்கும் இது இருந்தது என்று நீங்கள் குறிப்பிட்டது வீண் கேள்வி அன்று. மருத்துவர் அறிய வேண்டிய செய்தி. அடுத்த முறை செல்லும்போது, குடும்பத்தில் யாருக்கு வயிற்றுத் தொல்லை, யாருக்குப் பதற்றம் அல்லது மனச்சோர்வு, உங்கள் தொல்லை ஏதேனும் தொற்றுக்குப் பின் தொடங்கியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தைக் கொடுத்தாலும், அது எதற்காக, எந்த அளவில், எத்தனை வாரத்தில் பலன் தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எழுந்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகி